மாத்திரை எண்ணிக்கை சரியாக இருந்தது

வியாழன், முற்பகல் 10.20.

டாக்டர் கஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அதே தாளைப் பார்த்தார். தாளில் இருந்த எண் மாறவில்லை. பெயர் கேஷிகா, வயது ஒன்பது. ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் எச்.ஐ.வி. வைரஸ் ஆறாயிரத்து எண்ணூறு.

போன ஆகஸ்ட் வரைக்கும் இந்தப் பிள்ளையின் வைரஸ் சோதனைக் கருவிக்கே அகப்படாமல் அடங்கிக் கிடந்தது. பெப்ரவரியில் திடீரென்று இரண்டாயிரத்து முந்நூறு. இப்போது இது.

மேசைக்கு எதிரே தாய் சுதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவள். அவளுக்கும் அதே வியாதி, அதே மருந்து. கணவன் வைரவனுக்கு இல்லை. அது எப்படி, என்ன என்பது அவர்கள் வீட்டு விஷயம்; நமக்கு வேண்டாம்.

"மாத்திரை தினமும் குடுக்கிறீங்களா?"

"குடுக்குறேங்க."

"எத்தனை மணிக்கு?"

"காலைல அஞ்சே முக்காலுக்கு. வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னுக்கு. நானும் அவளும் சேந்தே முழுங்குவோம்."

"ஒருநாளாவது தவறினதா?"

"இல்லைங்க."

"வேற மருந்து ஏதாவது? நாட்டு மருந்து, டொனிக்?"

"ஒண்ணும் இல்லைங்க."

அறை மூலையில் நர்ஸ் சண்முகவடிவு, சுதர்ஷினி கொண்டுவந்த போத்தல்களைக் கவிழ்த்து மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்குக் கொடுத்தது, தின்ற நாள், மிச்சம். இரண்டு தடவை எண்ணினார். சரியாக இருந்தது. தாயின் போத்தலும் சரி, மகளின் போத்தலும் சரி.

"அப்ப உங்களுக்கு மட்டும் அடங்கியிருக்கு, பிள்ளைக்கு ஏறியிருக்கு," என்றார் டாக்டர். குரலில் கோபமில்லை; அது இன்னும் மோசம். "மூணு மாசம் கழிச்சி திரும்பவும் சோதிப்போம். அப்பவும் இறங்கலைன்னா மருந்த மாத்தணும். அது ரெண்டு வேளை, கசப்பு, கொழும்பிலிருந்து வரணும். சின்னப் பிள்ளைகளுக்கு நம்மகிட்ட நிறைய மருந்து இல்லம்மா. ஒண்ண வீணாக்கினா ஒண்ணு குறைஞ்சிடும்."

சொல்லிவிட்டுக் கோப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். தாய் ஒழுங்காக மருந்து கொடுப்பதாகத் தெரியவில்லை என்பது அதன் பொருள்.

சண்முகவடிவு சுதர்ஷினியின் கண்களைப் பார்த்தார். அவை அந்த வரியின்மேல் வலமிருந்து இடமாக மெல்ல நகர்ந்தன. தலைகீழாக இருக்கும் எழுத்தை அப்படித்தான் வாசிக்க முடியும். சுதர்ஷினி சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள், ஆங்கிலம் வாசிப்பாள் என்பதை டாக்டர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வாசித்து முடித்ததும் அவள் முகம் கல்லாகிவிட்டது. கோப்பு மூடப்பட்டது.

சண்முகவடிவுக்கு வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. கிளினிக்கில் காணாமற்போன மூன்று குடைகளையும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியையும் துப்பறிந்து மீட்டுக் கொடுத்தவர். அதிலிருந்து தன் மூளையைப் பற்றி அவருக்கு ஒரு தனி அபிப்பிராயம் உண்டு. எண்ணிக்கை சரி, ஏற்றமும் உண்மை என்றால் நடுவில் ஒரு கள்ளன் இருக்கத்தான் வேண்டும்.

"டாக்டர், நாளைக்கு எனக்கு லீவு வேணும்," என்றார்.

வெள்ளி, மாலை 4.10.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கிளினிக் நர்ஸ் என்று சொல்லி இறங்க முடியாது. என்ன கிளினிக், யாருக்கு, எதற்கு என்று மறுநாள் பெரட்டில் நூறு வாய் பேசும். ஆகவே சண்முகவடிவு, சுதர்ஷினியோடு பேசி வைத்தபடி, வலப்பனையிலிருந்து வந்த சுதர்ஷினியின் பெரியம்மா மகளாக மாறினார். கைப்பையில் கேஷிகாவுக்கு ஒரு பை டொபி.

அந்த மாறுவேடம் நாலு நிமிடம் தாங்கியது. ஐந்தாவது நிமிடம் பக்கத்து வீடான காம்பராவிலிருந்து வீரம்மா வந்து இஸ்தோப்புத் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அறுபது வயது. லயத்தில் இருபது காம்பராவுக்கும் சொந்தபந்தம் எழுதி வைக்காமலே மனப்பாடம்.

"எந்தப் பெரியம்மா? மூத்தவளா, கட்டையா இருந்தாளே அவளா?"

"கட்டை," என்றார் சண்முகவடிவு.

"அவளுக்குப் புள்ளையே இல்லையே!"

"தத்தெடுத்தது."

வீரம்மாவின் கண்கள் நனைந்தன. "ஐயோ தங்கச்சி! புருசன்?"

"இல்லைங்க. கட்டல."

அந்த ஒரு சொல்தான் தப்பு. வீரம்மாவின் முகத்தில் விளக்கேற்றியது மாதிரி ஒரு வெளிச்சம். அவளுக்கு ஒரு தம்பி. பெயர் அழகன். பட்டிப்பொல ஸ்டேசனில் வேலை, பென்சன் உண்டு, மனைவி போய் ஆறு வருசம். அடுத்த அரைமணிக்குள் ஒரு தட்டு கொழுக்கட்டை வந்தது. அதன் பின்னால் மரவள்ளி வந்தது. அதன் பின்னால் அழகனின் போட்டோ வந்தது.

விசாரணை இதற்கு நடுவில்தான் நடக்க வேண்டியிருந்தது.

டொபிப் பையை நீட்டியதும் கேஷிகா பாய்ந்தாள். அதற்குள் ஒரு பெரிய மீசை குறுக்கே வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தகப்பன் வைரவன். பையை வாங்கிக் கூரைக் கைமரத்தில் செருகிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க மதினி. போன செப்டம்பர்ல பல்லுக்குப் பாக்குற மிஸ்ஸி பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க. அஞ்சு பல்லுல ஓட்டை. இனி இனிப்புன்னா தொடவே கூடாதுன்னுட்டாங்க. அன்னைலருந்து நம்ம வீட்ல டொபி கெடையாது."

"முந்தி?"

"முந்தி மாத்திரைக்கு ஒரு டொபி குடுப்போம்," என்றாள் சுதர்ஷினி. "நிப்பாட்டினதும் ரெண்டு நாள் அடம் புடிச்சா. மூணாம் நாள் பெரிய மனுசி மாதிரி தானா முழுங்கிட்டா. இன்னைக்கு வரைக்கும் ஒரு சிணுங்கல் இல்ல."

சண்முகவடிவு குறிப்பேட்டில் எழுதினார்: பிள்ளை மிகவும் நல்ல பிள்ளை. சந்தேகத்துக்குரியது.

மாலை 5.00.

வாசல் சீமெந்தில் நொண்டி விளையாடக் கட்டம் போட்டிருந்தது. எட்டுக் கட்டம், பளிச்சென்ற வெள்ளைக் கோடு. ஓரத்தில் ஒரு சோக்குத் துண்டு கிடந்தது. சண்முகவடிவு குனிந்து எடுத்தார். ஒரு பக்கம் தேய்ந்து, மறுபக்கம் வட்டமாக இருந்தது.

"ஏது சோக்கு?"

"பள்ளிக்கூடத்துது பெரியம்மா," என்றாள் கேஷிகா, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

பள்ளிக்கூடம் மூடி மூன்று வாரம். சண்முகவடிவு துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். மருந்தை எடுத்துத்தான் கோடு கிழிக்கிறாளா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் கிளினிக் மாத்திரை மஞ்சள்; இது வெள்ளை. அந்தச் சந்தேகத்தை அங்கேயே விட்டார்.

அடுத்து மருந்து வைக்கும் தட்டு. அடுப்பங்கரையில், அடுப்பைவிட்டுத் தள்ளி, தகரப் பெட்டிக்குள். தாயின் போத்தலும் மகளின் போத்தலும் தோளோடு தோள். சூடோ ஈரமோ கெடுத்திருந்தால் இரண்டையும்தானே கெடுத்திருக்கும்? தண்ணீரும் ஒன்று, நேரமும் ஒன்று. சண்முகவடிவு குறிப்பேட்டில் சூடு, ஈரம் இரண்டின்மேலும் கோடு அடித்தார்.

சனி, காலை 5.15.

லயத்துத் தண்ணீர்ப் பீலியில் பாதி லயம் பல் விளக்கிக்கொண்டிருந்தது. துப்பறிவாளர் தன் பற்பசையை நுவரெலியா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"பேஸ்ட் இருக்கா கேஷி?"

"எங்க வீட்ல இதுதான் பெரியம்மா," என்று பிள்ளை உள்ளங்கையில் சிவப்புப் பற்பொடியைக் கொட்டினாள். இரண்டு பேரும் விளக்கினார்கள். சண்முகவடிவின் பல்லும் உதடும் முகவாயும் வெற்றிலை போட்ட மாதிரி சிவந்துபோயின. தண்ணீரோ கையை வைக்க முடியாத குளிர். பீலிக்கு வந்த வீரம்மா, "தங்கச்சி வெத்தல போடுமா? அழகனும் போடுவான்!" என்று பூரித்துப் போனாள்.

காலை 5.45.

அடுப்பங்கரை. சுதர்ஷினி ஒரு மஞ்சள் மாத்திரை, கேஷிகா ஒரு மஞ்சள் மாத்திரை. தண்ணீர். இரண்டு தொண்டையும் ஏறி இறங்கின. சண்முகவடிவு தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். தாய்மேல் இருந்த சந்தேகம் அத்தோடு ஒழிந்தது.

கேஷிகா வாசலுக்கு ஓடினாள். அங்கே வைரவன் குந்தியபடி பூட்ஸ் நாடா கட்டிக்கொண்டிருந்தார். சண்முகவடிவு பின்னாலேயே போக எழுந்தார். கதவில் வீரம்மா, கையில் சூடான ரொட்டியும் கட்டச் சம்பலும்.

"ஒண்ணே ஒண்ணு."

"இப்ப வேணாம் அக்கா..."

"அழகனுக்கு மெலிஞ்ச பொம்பள புடிக்காது."

ஒன்று மூன்றாகி அவர் தப்பி வந்தபோது மணி 5.50. கேஷிகா உள்ளே வந்துகொண்டிருந்தாள். வாய் அசைந்தது. ஆகா, மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாள்!

"ஆ காட்டு."

பிள்ளை காட்டியது. கன்னத்தில் ஒன்றுமில்லை. நாக்கு வெள்ளை. புதினா மணம்.

"என்னா இது?"

"பல்லு விளக்கினது பெரியம்மா."

சண்முகவடிவு தலையாட்டிக் குறிப்பேட்டில் எழுதினார்: வாய் சுத்தம். குற்றவாளியின் கழுத்தைப் பிடித்துவிட்டு, தானே மன்னிப்புக் கேட்டு விட்டுவிட்ட மாதிரியான காரியம் அது. அவருக்கு அப்போது தெரியவில்லை.

முற்பகல் 11.30.

கொழுக்கட்டை, மரவள்ளி, மூன்று ரொட்டி, பத்து மணிக்கு வந்த இடியப்பம். சண்முகவடிவின் வயிறு தண்டவாளத்தில் ஏறும் ரயில் மாதிரி சத்தம் போட்டது. வேறு வழியில்லை, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்தார்.

மருந்து கொடுப்பவர் பழனியாண்டி ஐயா. மேசையில் ஒரு பெரிய சாடி. வரிசையில் முன்னால் இரண்டு பேர்.

"என்னா?"

"முழங்கால் வலிங்க."

சாடியிலிருந்து நாலு மாத்திரை.

"என்னா?"

"அட்டை கடிச்சிருச்சுங்க."

அதே சாடி, அதே நாலு மாத்திரை.

"அட்டைக் கடிக்குமா ஐயா இது?" சண்முகவடிவால் பொறுக்க முடியவில்லை.

"கடிக்கு இல்லம்மா, பயத்துக்கு. பயந்தா வயித்துல அமிலம் சொரக்கும். உங்களுக்கு என்னா?"

"வயிறு."

பழனியாண்டி ஐயா அவரை நன்றியோடு பார்த்தார். அந்த வாரத்தில் சரியான வியாதியோடு வந்த முதல் ஆள். "சப்பித் தின்னுங்க. வெறும் தேத்தண்ணி குடிச்சிட்டு மலை ஏறுற சனம்மா இது, எல்லாருக்கும் கேஸ்டிரிக். இத இங்க யாரும் மருந்துன்னே நெனைக்கிறதில்ல. மிட்டாய் மாதிரி."

சண்முகவடிவு சப்பினார். இனிப்பு. மாவு மாதிரி கரைந்தது. பல்லில் சம்பல் மிளகாய் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று சுவரில் தொங்கிய சின்னக் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தார்.

நாக்கு வெள்ளை. புதினா மணம்.

கைக்குட்டையை அவிழ்த்து, சோக்குத் துண்டை எடுத்து, கையிலிருந்த அடுத்த மாத்திரையோடு சேர்த்து வைத்தார். வட்டத்தோடு வட்டம் பொருந்தியது.

"ஐயா, தொழிற்சாலை வைரவன் இத வாங்குவாரா?"

"வைரவனா? வாரம் தவறாம வருவாரு. செப்டம்பர்லருந்து ரெட்டிப்பா கேக்குறாரு. பாவம், நல்ல மனுசன், மோசமான வயிறு."

மாலை 6.30.

லயத்துச் சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை. ஒரு காம்பராவில் தும்மினால் மூன்றாவது காம்பராவில் வாழ்த்துவார்கள். ஆகவே சண்முகவடிவு டிவியை முழுச் சத்தத்தில் வைக்கச் சொன்னார். ஏதோ நாடகத்தில் ஒரு மாமியார் அலறிக்கொண்டிருந்தாள். அதன் மறைவில், நாலு தலையும் ஒன்றோடொன்று முட்ட, தீர்ப்பு ஆரம்பமானது.

"மருந்து களவு போகல. மருந்தோட வேலதான் களவு போயிருக்கு," என்றார் சண்முகவடிவு. "தாயும் மகளும் ஒரே மருந்து, ஒரே தட்டு, ஒரே தண்ணி, ஒரே நேரம். தாய்க்கு வேல செய்யுது, மகளுக்கு இல்ல. அப்ப முழுங்கினதுக்குப் பொறகு மகளுக்கு மட்டும் ஏதோ நடக்குது."

மாமியார் மயங்கி விழுந்தாள். சண்முகவடிவு இடைவெளி வரும்வரை காத்திருந்தார்.

"காலைல கேஷி வாயில வெள்ளையும் புதினா வாசமும் இருந்துச்சு. பல்லு விளக்கினதுன்னா. நான் நம்பிட்டேன், முட்டாள். இந்த வீட்டுப் பற்பொடி செவப்பு! என் மொகவாய் இன்னும் செவப்பாத்தான் இருக்கு. அப்ப வெள்ளை எங்கருந்து வந்துச்சு?" கைக்குட்டையைப் பிரித்து இரண்டு வட்டங்களையும் வைத்தார். "வைரவன் அண்ணே, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

மீசை நடுங்கியது.

"டொபி நிப்பாட்டின ரெண்டு நாளும் புள்ள மாத்திரைய துப்பிட்டா," என்றார் வைரவன். "எனக்குப் பயமாப் போச்சு. இது இனிப்பா இருக்கும், பல்லும் கெடாது, வயித்துக்கும் நல்லதுன்னு... முழுங்கிட்டு வந்தா ரெண்டு தருவேன், கேட்டா நாலு. அப்பாவுக்கும் மகளுக்கும் ரகசியம். ஒருநாளும் தவறாம குடுத்தேங்க!"

"தவறியிருந்தா நல்லது," என்றார் சண்முகவடிவு. "இதுல மக்னீசியம், அலுமினியம்னு இருக்கு. நம்ம மருந்து வயித்துல கரையிற நேரத்துல இது போனா, ரெண்டும் ஒட்டிக்கிரும். மருந்து ரத்தத்துல ஏறாம வந்த வழியே போயிரும். இத மருந்து முழுங்கி ரெண்டு மணித்தியாலம் கழிச்சி, இல்லாட்டி ஆறு மணித்தியாலம் முன்னுக்கு சப்பலாம். கூடச் சேத்து மட்டும் ஆகாது. வேற மருந்து குடுக்குறீங்களான்னு டாக்டர் கேட்டாரு. இந்தத் தோட்டத்துல இத யாரும் மருந்துன்னு நெனைக்கல. அதனால இவரு சொல்லல, நீங்க இல்லன்னு சொன்னீங்க. பொய்யும் இல்ல."

வைரவன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய மனிதர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "எம்புள்ளைய நானே..."

"பெரியம்மா, அப்பாவ ஜெயில்ல போடாதீங்க," கேஷிகாவும் அழ ஆரம்பித்தாள். "நான்தான் நாலு கேப்பேன். ரெண்டுல கோடு போடுவேன்."

"குற்றவாளி அந்தச் சாடி. உங்கப்பா வெறும் கூட்டாளிதான்," என்றார் சண்முகவடிவு.

சுதர்ஷினி மெதுவாகச் சொன்னாள்: "பெப்ரவரிலருந்து என் கைய நானே நம்பல மிஸ்ஸி. தூக்கக் கலக்கத்துல மாத்திக் குடுத்துட்டேனோ, மறந்துட்டேனோன்னு. ஒவ்வொரு நாளும் மூணு தடவ எண்ணுவேன்." புருசனைப் பார்த்தாள். கோபம் வந்தது, பாதி வழியில் அழுகையாக மாறி, கடைசியில் அந்த மீசை நனைந்த கோலத்தைப் பார்த்துச் சிரிப்பாக முடிந்தது. "எந்திரிங்க. மொகத்த கழுவுங்க. நாளைலருந்து அவளுக்கு என்னா குடுப்பீங்க?"

கேஷிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "அப்பா என்கூட ஒரு ஆட்டம் நொண்டி ஆடணும்."

"இந்த ஒடம்ப வச்சிக்கிட்டா?"

"ஆடணும்."

டிவி விளம்பரத்துக்குப் போய்ச் சத்தம் சட்டென்று குறைந்தது. சுவருக்கு அப்பாலிருந்து வீரம்மாவின் குரல் வந்தது. "யாரு யாரோட ஓடிப் போனான்னு இத்தன அழுக? தங்கச்சி, அழகன் நாளைக்கி வர்றான், போயிறாத!"

சண்முகவடிவு ஞாயிறு காலை 6.00 மணிக்கு முதல் பஸ்ஸில் போய்விட்டார். ஜன்னல் வழியே கடைசியாகப் பார்த்தது இதுதான். பனிமூட்டத்தில் ஒரு பெரிய மீசைக்காரர், பூட்ஸ் காலோடு, ஒற்றைக் காலில் எட்டுக் கட்டத்தையும் தாண்டிக்கொண்டிருந்தார். மகள், கோட்டை மிதித்துவிட்டார் என்று கத்திக்கொண்டிருந்தாள்.

நவம்பர், ஒரு வியாழன், முற்பகல் 10.40.

டாக்டர் கஜேந்திரன் கண்ணாடியைத் துடைக்கவில்லை. தாளை ஒரு தடவைதான் பார்த்தார். "கருவிக்கு அகப்படவே இல்ல!" என்று மேசையைத் தட்டினார். "அதே மருந்து போதும். மாத்தவே வேண்டாம். சந்தோசம்தானேம்மா?"

"சந்தோசம்ங்க," என்றாள் சுதர்ஷினி. ஆனால் எழவில்லை. கையை நீட்டிக் கோப்பைத் திறந்து, பக்கங்களைப் பின்னால் புரட்டி, ஆகஸ்ட் மாதத்து வரியில் விரலை வைத்தாள். அந்த வரியை ஆங்கிலத்தில், ஒரு சொல் பிசகாமல், வாய்விட்டு வாசித்தாள்.

மூலையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த சண்முகவடிவு எண்ணுவதை நிறுத்தினார்.

டாக்டரின் காது சிவந்தது. பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டினார். கொஞ்சம் யோசித்து இன்னொரு கோடும் இழுத்தார். "மன்னிக்கணும்," என்றார், அவள் முகத்தைப் பார்த்து. பிறகு கீழே புதிதாக ஒரு வரி எழுதத் தொடங்கினார்.

எழுதி முடித்ததும் சுதர்ஷினி கோப்பின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாகத் திருப்பினாள்.

"குடுங்க டாக்டர். இத நேரா வாசிக்கிறேன்."